ஐந்தேகால் மணி மேசை

சென்ற தை மாதத்தில் ஒரு பதிப்பகத்திலிருந்து அழைத்து, மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றிய சிறுவர் படக்கதை ஒன்றுக்கு ஓவியம் வரைந்து தர முடியுமா என்று கேட்டார்கள். உள்ளே 24 பக்கங்கள், அட்டை தனி, ஆறு வாரத்தில் வேண்டும் என்றார்கள். இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, நோட்டை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஐந்து மாதம் ஆகும் என்று பதில் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் தயங்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே அழைப்பு வந்திருந்தால், ஆறு வாரம் என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றிருப்பேன். பிறகு இரவெல்லாம் விழித்து, பகலெல்லாம் தடுமாறி, இரண்டு வேலையையும் கெடுத்திருப்பேன். அப்படிக் கெடுத்தும் இருக்கிறேன். இடையில் என்ன மாறியது என்பதை, பகலில் ஒரு வேலையும் மிச்ச நேரத்தில் ஓவியமுமாக வாழ்கிறவர்களுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் எழுதிவைக்கிறேன்.

பகலில் நான் பாரிமுனையில் உள்ள ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் அலுவலகத்தில் டாக்குமெண்டேஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கும் அங்கிருந்து போகும் சரக்குக்கும் சுங்கத் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டிய ஆவணங்களைத் தயாரிப்பது எங்கள் பணி. இறக்குமதிச் சரக்கு என்றால், பொதுவாகக் கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிவிப்பு ஆவணம் தாக்கலாகிவிட வேண்டும். தவறினால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும் அதற்குமேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் தாமதக் கட்டணம் விழும். ஏற்றுமதி என்றால் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கட்-ஆஃப் நேரம் உண்டு. அதற்குள் கன்டெய்னர் துறைமுக வாயிலைத் தாண்டாவிட்டால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் மூன்றையும் அருகருகே வைத்து, எடை, எண்ணிக்கை, விலை, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய எட்டு இலக்கக் குறியீடு என்று வரிவரியாக ஒத்துப்பார்ப்பதில் என் பகல் கழிகிறது. மாதக் கடைசியிலும் மார்ச் மாதம் முழுவதிலும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மூன்று மணியாகிவிடும். இந்த வேலையை நான் குறைவாக நினைப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டு வாடகையையும், பிற்பாடு மகளின் பள்ளிக் கட்டணத்தையும் கட்ட உதவிவருவது அதுதான். ஓர் எண்கூடப் பிசகாமல் ஓர் ஆவணத்தை முடித்து அனுப்பும்போது கிடைக்கிற நிறைவு, ஒரு கோட்டை ஒரே இழுப்பில் சரியாக வரைந்து முடிக்கும்போது கிடைக்கிற நிறைவுக்கு மிகவும் நெருங்கியது.

வீடு காலடிப்பேட்டையில். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீளும் வரையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் நெரிசலில் பேருந்தில் நின்றுகொண்டு போய்வருவதிலேயே நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். இப்போது காலடிப்பேட்டையில் ஏறினால் மண்ணடியில் இறங்க ஏறத்தாழக் கால் மணி நேரம். அப்படி மிச்சமான நேரத்தை நான் ஓய்வுக்கு வைத்துக்கொள்ளவில்லை. அதை நம்பிக் கூடுதலாக இரண்டு பதிப்பகங்களின் வேலையை ஒப்புக்கொண்டேன்.

சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி ஜனவரியில் நடக்கும். தமிழில் புதிதாக வரும் நூல்களில் பலவும் அந்த நாட்களைக் கணக்கில் வைத்தே அச்சுக்குப் போவதால், அட்டை வரைகிறவர்களுக்கு டிசம்பர்தான் அறுவடை மாதம். 2022 டிசம்பரில் நான் நான்கு அட்டைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஏழரைக்கு வீடு வந்து, சமைத்து, மகளைத் தூங்கவைத்து, பத்து மணிக்கு டேப்லெட்டைத் திறந்தால் மூடும்போது இரண்டாகும். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, இறக்குமதி ஆவணம் ஒன்றில் 12,000 என்று இருக்க வேண்டிய எண்ணிக்கையை 1,200 என்று அடித்தேன். தாக்கலுக்கு முன் பார்க்கும் வரைவான செக்லிஸ்ட்டை மறுபடி சரிபார்த்ததும் நான்தான். அப்போதும் கண்ணில் படவில்லை. தாக்கலாகிவிட்ட ஆவணத்தைத் திருத்த வேண்டுமென்றால் சுங்கத் துறையிடம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். சரக்கு இரண்டு நாள் கூடுதலாகத் துறைமுகத்தில் நின்றது. நின்ற நாட்களுக்கான கட்டணத்தில் பாதியை எங்கள் முதலாளி தம் கையிலிருந்து கட்டினார். என்னிடம் அவர் கேட்டதெல்லாம், “உடம்புக்கு ஏதாவது முடியலையாம்மா?” என்பது மட்டும்தான். அந்தக் கேள்விக்கு என்னால் உண்மையான பதிலைச் சொல்ல முடியவில்லை.

அதே வாரத்தில் அட்டையிலும் பிழை நேர்ந்தது. ஒரு நூலின் முன்னட்டை, பின்னட்டை, நடுவில் முதுகு ஆகிய மூன்றையும் ஒரே படமாகத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் கனத்தையும் பொறுத்தது. 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ தாள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் கொண்டது. ஆகவே 208 பக்க நூலுக்கு முதுகு சுமார் பத்தரை மில்லிமீட்டர் வரும், 240 பக்கத்துக்குப் பன்னிரண்டு வரும். மெய்ப்புத் திருத்தத்தில் நூல் 240 பக்கமாக வளர்ந்துவிட்டது என்று எனக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. அதைப் படித்தும் இருக்கிறேன். ஆனால் நான் அனுப்பிய கோப்பு 208 பக்கத்துக்கானது. அச்சாகி வந்த பிரதிகளில், முதுகின் நடுவே நிற்க வேண்டிய நூல்பெயர் விளிம்பை நோக்கித் தள்ளி நின்றது. முதுகின் அகலத்தில் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான்; வாசகர் பலர் கவனிக்கவும் மாட்டார்கள். முதல் நூலைக் கையில் வாங்கப்போகும் அந்த எழுத்தாளர் கவனிப்பார் என்று எனக்குத் தெரியும்.

நேரம் போதவில்லை என்பதுதான் அதுவரை என் குறையாக இருந்தது. இந்த இரண்டு பிழைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், எனக்குப் போதாமல் இருப்பது நேரம் அல்ல, கவனம் என்று புரிந்தது. இரவு பத்து மணிக்கு மேல் என்னிடம் நான்கு மணி நேரம் இருந்தது உண்மை. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தையும் கொண்டு நல்ல ஒரு முடிவை எடுக்க முடியவில்லை. பகலெல்லாம் எண்களை ஒத்துப்பார்த்த கண், அதே கூர்மையைத் திரும்பவும் கேட்கிற ஓவிய வேலைக்கு இரவில் வர மறுத்தது; அதை வற்புறுத்தி வரவழைத்தால், மறுநாள் காலை எண்களுக்கு வர மறுத்தது.

ஆகவே ஓவிய வேலையை அது கேட்கிற கவனத்தின் தரத்தை வைத்துப் பிரித்துக்கொண்டேன். கதையைப் படித்து, எந்தப் பக்கத்தில் யார் எங்கே நிற்க வேண்டும், கண் எதிலிருந்து எதற்குப் போக வேண்டும் என்று கட்டைவிரல் அளவுப் படங்களாகப் போட்டுப் பார்ப்பது முதல் கட்டம். அதைப் பெரிதாக்கிக் கச்சாப் படமாக வரைவது இரண்டாவது. பிறகு இறுதிக் கோடு. இவை மூன்றும் முடிவுகள் எடுக்கிற வேலைகள். இவற்றை விடியற்காலையில் மட்டுமே செய்கிறேன். கோடுகளுக்குள் அடிவண்ணத்தை நிரப்புவது, டேப்லெட் கோப்பில் படத்தின் அடுக்குகளுக்குப் பெயரிடுவது, கோப்புகளைப் பிரதியெடுத்து வைப்பது, பில் அனுப்புவது, கடிதங்களுக்குப் பதில் எழுதுவது ஆகியவை கை பழகிய வேலைகள். இவை இரவு எட்டரை முதல் பத்து வரை. பத்துக்கு மேல் திரையைத் தொடுவதில்லை என்ற விதியை மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை மீறினேன் என்று கைவிரல்களால் எண்ணிச் சொல்லிவிடலாம்.

ரயிலில் நான் வரைவதில்லை. பார்க்க மட்டும் செய்கிறேன். கம்பியைப் பிடித்திருக்கும் கையில் கட்டைவிரல் எங்கே மடிகிறது, மடியில் பூக்கூடையை வைத்திருக்கும் பாட்டி அது சரியாமல் இருக்க முழங்காலை எப்படி உயர்த்திக்கொள்கிறார் என்று பார்த்து வைத்துக்கொண்டு, மதிய இடைவேளையில் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து சிறு நோட்டில் நினைவிலிருந்து வரைகிறேன். அந்த நோட்டுகளை ஆண்டர்சன் தெருவில், காகித மொத்த வியாபாரக் கடைகளில் வெட்டு மிச்சமாகக் கிடைக்கும் தாள்களை வாங்கித் தைத்துக்கொள்கிறேன். பாரிமுனையில் வேலை பார்ப்பதில் ஓர் ஓவியருக்குக் கிடைக்கிற பெரிய நன்மை அந்தத் தெரு என்றே சொல்வேன்.

அடுத்துச் செய்தது கணக்கு எழுதுவது. மூன்று மாதம், எந்தப் படத்துக்கு எந்தக் கட்டத்தில் எத்தனை நிமிடம் ஆனது என்பதை ஒளிக்காமல் எழுதினேன். இரட்டைப் பக்கப் படம் ஒன்றுக்கு நான்கு மணி நேரம் ஆகும் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன், நானும் நம்பிவந்தேன். நோட்டு ஏழு மணி நேரம் என்றது. கிடைக்கிற நேரம் எவ்வளவு என்பதையும் அப்படியே எழுதிப் பார்த்தேன். என் கணவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். ஏ ஷிப்டு வாரத்தில் அவர் ஐந்தேகாலுக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவதால், தண்ணீர் பிடிப்பது, சமையல், மகளைப் பள்ளி வேனில் ஏற்றுவது எல்லாம் என் பொறுப்பு. அந்த வாரத்தில் ஞாயிற்றுக்கிழமையின் ஆறு மணி நேரத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. பி ஷிப்டு வாரத்தில் காலை முழுவதும் அவர் பொறுப்பு. அப்போது எனக்குப் பதினைந்து மணி நேரம் கிடைக்கிறது. இரவு முழுவதும் அவர் வெளியே இருக்கும் சி ஷிப்டு வாரத்தில் பன்னிரண்டு. மூன்று வாரத்துக்கு முப்பத்து மூன்று, வாரத்துக்குச் சராசரி பதினொன்று. எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் ஷிப்டு அட்டவணைதான் என் ஓவியத் தொழிலின் நாட்காட்டி. “நீ போய் உட்காரு, குடத்தை நான் பாத்துக்கிறேன்” என்று அவர் சொல்கிற காலைகளில் வரைந்த கோடுகளை, பிற்பாடு பார்த்தாலும் என்னால் அடையாளம் காண முடியும்; அவற்றில் அவசரம் இருக்காது.

24 பக்கம் என்றால் பன்னிரண்டு இரட்டைப் பக்கப் படங்கள், அட்டையோடு பதின்மூன்று. ஏழால் பெருக்கினால் 91 மணி நேரம். வாரத்துக்குப் பதினொன்று என்றால் எட்டு வாரத்துக்கும் சற்று மேல். கச்சாப் படத்தை ஆசிரியரும் பதிப்பாளரும் பார்த்துச் சொல்ல ஆகும் காத்திருப்பு, இரண்டு சுற்றுத் திருத்தம், காய்ச்சல், விருந்தாளி, தேர்வு என்று வீட்டில் வரக்கூடியவை எல்லாம் சேர்ந்து இன்னும் நான்கு வாரம். ஆக, சாதாரணமாக மூன்று மாதம். இந்தப் புத்தகத்துக்கு ஏன் ஐந்து மாதம் கேட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு துல்லியமாக நாள் கேட்டால் வாய்ப்புப் போய்விடாதா என்று என்னைப் போல வரைகிற தோழி ஒருத்தி கேட்டாள். சில போயின. ஒரு வாரத்தில் வேண்டும், பணம் பெரிதாக இல்லை, ஆனால் உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியவரும் என்று வந்த வேலைகள் போயின. அவை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு வேலையை மறுக்கும்போது காரணத்தை நீட்டி விளக்காமல், எந்த மாதத்திலிருந்து எனக்கு இடம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அப்படிச் சொன்னவர்களில் இருவர் காத்திருந்து திரும்பி வந்தார்கள்.

அலுவலகத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அந்த டிசம்பரில் எடுத்த முடிவுதான். என் நியமனக் கடிதத்தில், எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் வேறு ஊதியப் பணி ஏற்கக் கூடாது என்ற வரி இருந்ததை ஒன்பது ஆண்டு கழித்துத்தான் ஒழுங்காகப் படித்தேன். முதலாளியிடம் போய், இரவில் வரைவதையும் அந்தப் பிழைக்கு அதுதான் காரணம் என்பதையும் சொன்னேன். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார்: நம்மிடம் சரக்கு அனுப்புகிற யாருக்காவது வரைகிறாயா, அலுவலக நேரத்தில் வரைகிறாயா. இரண்டுக்கும் இல்லை என்றேன். அனுமதிக் கடிதம் மறுவாரமே கிடைத்தது. அன்றிலிருந்து அலுவலகக் கணினியில் ஓவியம் சார்ந்த ஒரு கோப்பைக்கூடத் திறப்பதில்லை. பதிப்பகத்துக்கு அனுப்பும் மின்னஞ்சலைக்கூட அங்கிருந்து அனுப்புவதில்லை. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் நிலை. என் படங்களுக்கும் சரக்கு ஆவணங்களுக்கும் தொடர்பில்லை என்றாலும், அந்த எல்லை கண்ணுக்குத் தெரியும்படி இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

அந்தச் சட்டத்தை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு கசப்பான காரணம் உண்டு. சிறுவர் பயிற்சி நூல் ஒன்றுக்காக வரைந்து கொடுத்த விலங்குப் படங்களை, இரண்டு ஆண்டு கழித்து, பள்ளி வாசலில் விற்ற பென்சில் பெட்டிகளின் மூடியில் பார்த்தேன். யானையின் காதில் நான் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. விசாரித்தபோது, மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டோமே என்றார்கள். எங்களுக்குள் இருந்ததெல்லாம் பத்துப் பன்னிரண்டு வாட்ஸ்அப் வரிகள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்றும், எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் சொல்வதை அப்போதுதான் அறிந்தேன். இப்போது எந்த வேலையாக இருந்தாலும் ஒரு பக்கக் கடிதம் இல்லாமல் தொடங்குவதில்லை: எந்தப் பதிப்புக்கு, எத்தனை ஆண்டுக்கு, எத்தனை சுற்றுத் திருத்தம், முன்பணம் எவ்வளவு, நூல் நின்றுபோனால் வரைந்த வரைக்கும் எவ்வளவு. பகலெல்லாம் பிறருடைய ஆவணங்களை வரிவரியாகப் பார்க்கிற நான், என் சொந்தப் படங்களுக்கு ஓர் ஆவணம் இல்லாமல் இத்தனை காலம் இருந்ததை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓவியத்துக்கு வரும் பணம் தொழில் வருமானம் என்பதால், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யச் சம்பளக்காரர்கள் பயன்படுத்தும் ஐ.டி.ஆர். 1 படிவத்தை நாம் பயன்படுத்த முடியாது. பிடித்தம் போக ஆண்டுக்குக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வருமானால் பொதுவாக ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணைகளில் முன்கூட்டியே கட்டிவர வேண்டும். இது தெரியாமல் முதல் ஆண்டு வட்டி கட்டினேன். இப்போது வருகிற ஒவ்வொரு தொகையிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். வரி போக அதில் மிஞ்சுவதில்தான் போன ஆண்டு புது டேப்லெட் வாங்கினேன்.

மனம் தளரும் நாட்களில் ஓவியர் கே.எம். ஆதிமூலத்தை நினைத்துக்கொள்வேன். காந்தி நூற்றாண்டையொட்டி நூறு கோட்டோவியங்கள் வரைந்தவர், தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் ஒரு புதிய முகத்தைக் கொடுத்தவர், நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டுதான் அதையெல்லாம் செய்தார். அவர் படித்த ஓவியக் கல்லூரி 1850இல் தொடங்கப்பட்டது; இப்போது பெரியமேட்டில் இருக்கிறது. அதில் சேர வேண்டும் என்ற என் பதினேழு வயது ஆசை, அப்பாவின் மறைவோடு பி.காம். படிப்பாக மாறியது. வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர்களின் வரிசை ஒன்று நமக்கு முன்னால் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய துணை.

இனி அந்தத் துறைமுகப் புத்தகம். கதை காசிமேட்டில் நடக்கிறது. அப்பாவின் விசைப்படகு கரைக்கு வரும் நாளில் ஒரு சிறுமி அதிகாலையில் ஏலத்தைப் பார்க்கப் போகிறாள். இணையத்தில் கிடைக்கும் புகைப்படங்களைப் பார்த்து இதை வரைந்துவிடலாம் என்று பதிப்பகத்தார் சொன்னார்கள். எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிற இடத்தைப் புகைப்படத்திலிருந்து வரைய எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும், விசைப்படகுகள் வந்து நிற்கும் அந்தப் பெரிய ஏலக் கூட்டத்தை அந்த இரண்டு மாதமும் பார்க்க முடியாது. அதாவது, நான் நேரில் பார்த்து வரைய வேண்டியதையெல்லாம் ஏப்ரல் நடுவுக்குள் முடித்தாக வேண்டும். அதற்கு முந்தைய மாதம் மார்ச்; நிதியாண்டு முடிவதற்குள் சரக்கை அனுப்பிவிட வேண்டும் என்று எல்லா ஏற்றுமதியாளர்களும் ஒன்றாக வந்து நிற்கும், எங்கள் அலுவலகத்தின் மிகக் கடினமான மாதம்.

மூன்று மாத வேலைக்கு ஐந்து மாதம் கேட்டதன் காரணம் இதுதான். மார்ச்சில் மேசை வேலை கிடையாது என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். வார நாட்கள் முழுவதையும் அலுவலகத்துக்கே விட்டுவிட்டு, நான்கு ஞாயிறுகளில் மட்டும் விடியும் முன் காசிமேட்டுக்குப் போனேன். அங்கே படமாக எதையும் முடிக்க முயலவில்லை. கைகளை மட்டும் வரைந்தேன். ஏலம் கூறுகிறவரின் கை, கூடையைத் தலைக்கு ஏற்றும் கை, ஐஸை வாரிப் போடும் கை, பணத்தை எண்ணி இடுப்பில் செருகும் கை. சங்கராவுக்கும் பாறைக்கும் வவ்வாலுக்கும் உடல்வாகு எப்படி வேறுபடுகிறது என்று அங்கே மீன் வாங்க வந்திருந்த ஓர் அக்கா, தன் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்துக் காட்டினார். “வால எண்ணாத கண்ணு, முதுக பாரு” என்றார். ஓவிய ஆசிரியர் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

கதையில் ஒரு வரியும் மாறியது. கூடையில் மீன்கள் துள்ளின என்று ஆசிரியர் எழுதியிருந்தார். பல நாள் கடலில் தங்கிவிட்டு வரும் விசைப்படகில் மீன்கள் ஐஸில் கிடந்து வருகின்றன, அவை துள்ளுவதில்லை. ஆசிரியரிடம் சொன்னபோது அவர் மகிழ்ச்சியோடு அந்த வரியைத் திருத்தி, ஐஸ்கட்டிகளுக்கு இடையே மீனின் கண் மின்னியது என்று எழுதிக் கொடுத்தார். அது அந்தப் பக்கத்தை வரைவதற்கே வழி காட்டியது.

ஏப்ரல் பிறந்ததும் மேசைக்குத் திரும்பினேன். விடியலுக்கு முந்தைய துறைமுகத்தின் நீலத்தில்தான் அதிக நாள் நின்றேன். திரையில் ஒளிரும் அந்த நீலம் அச்சின் நான்கு மைகளில் வராது. சாம்பல் பூசியதுபோல மங்கிவிடும். அச்சுக்கான வண்ண அமைப்புக்கு மாற்றி, பாரிமுனையில் ஒரு டிஜிட்டல் அச்சகத்தில் ஒற்றைப் பக்கம் எடுத்துப் பார்த்து, மறுபடி மாற்றி, மறுபடி எடுத்துப் பார்த்து, கடைசியில் நீலத்தை இன்னும் பிரகாசமாக்க முயல்வதை விட்டுவிட்டு, சுற்றியுள்ளவற்றை இருட்டாக்கி, ஏலக்கூடத்து விளக்கின் மஞ்சளைச் சற்றே கூட்டியபோது, அந்த நீலம் தானாகத் தெரிந்தது. இதற்கு மூன்று காலைகள் ஆயின. இரவில் உட்கார்ந்திருந்தால் முதல் முயற்சியையே போதும் என்று அனுப்பியிருப்பேன்.

எட்டுப் படங்கள் முடிந்துவிட்டன. ஒன்பதாவது படம் கடலுக்கு அடியிலிருந்து பார்ப்பது. சிறுமி தூக்கத்தில் ஒரு மீனாகி, தலைக்கு மேலே போகும் அப்பாவின் படகை அண்ணாந்து பார்க்கிறாள். படகின் அடிப்பாகத்தை ஒரு தட்டைப் போலச் சமமாக வரைந்திருந்தேன். போன ஞாயிறு காசிமேட்டில், தடைக்காலப் பழுதுபார்ப்புக்காகக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த படகுகளைப் பார்த்தபோதுதான், நான் இதுவரை எந்தப் படகின் கீழ்ப்பாதியையும் கண்டதே இல்லை என்று உணர்ந்தேன். முனை முதல் முனை வரை அடியில் ஓடும் கட்டை, அதிலிருந்து இருபுறமும் வளைந்து ஏறும் பலகைகள், பின்னால் புரொப்பெல்லரும் சுக்கானும் அடைத்துக்கொண்டிருக்கும் இடம், எல்லாவற்றின் மேலும் சிப்பிகள் ஒட்டி வளர்ந்து சுரண்டி எடுத்த வெள்ளைத் தழும்புகள். கச்சாப் படத்தை அங்கே வேலை செய்துகொண்டிருந்த தச்சரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இப்படி இருந்தால் படகு நேராகப் போகாதும்மா என்றார். பிறகு தன் சாக்குக்கட்டியால் தரையில் சரியான வளைவைப் போட்டுக் காட்டினார்.

அந்தப் படகுக்கு அடுத்த வாரம் அடியில் பெயின்ட் அடித்துவிடுவார்களாம், தழும்புகள் மறைந்துவிடும். ஆகவே வரும் ஞாயிறே போயாக வேண்டும். சனிக்கிழமை மாதக் கடைசி. மூன்று கப்பல்களுக்கு ஆவணங்கள் இருக்கின்றன, வீடு திரும்ப ஒன்பதாகும். அன்றிரவு டேப்லெட்டைத் திறக்கப்போவதில்லை. இந்த வாரம் என் கணவருக்கு பி ஷிப்டு என்பதால் காலையில் தண்ணீர்க் கவலை இல்லை. படகுக்கும் அடி இருக்குமா என்று மகள் நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளையும் அழைத்துப் போகிறேன், அவளுக்கென்று ஒரு நோட்டைத் தைத்து வைத்திருக்கிறேன்.